மாடிக்குப் போன பெயர்

"சாவு வேற, பிரிண்டர் வேற. நீங்க உங்க வேலையைப் பாருங்க தம்பி" என்றார் முதலாளி.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த பையை அவர் மேசைமேல் எறிந்துவிட்டு வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை. அந்த ஆளுடைய குளிர்பதனக் கிடங்கில் ஒரு மனுஷன் விறைத்துச் செத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. செத்ததற்கு என் தங்கச்சிதான் காரணம் என்று அந்தக் கட்டடமே பேசுகிறது. அவளுடைய அண்ணனையே கூப்பிட்டு உட்காரவைத்து, பிரிண்டர் ஒரு நாள் இருக்கிறது மறுநாள் காணாமல் போகிறது, அதைக் கவனி என்கிறார். சில பேருக்கு வெட்கம் என்ற ஒன்றைக் கடவுள் வைக்கவே மறந்துவிடுகிறான்.

வேலையை ஒப்புக்கொண்டது என்னவோ நான்தான். எல்லாம் நடப்பதற்கு முன்பே பேசி முடித்த வேலை. பேசி வைத்தவளும் தங்கச்சிதான். சின்ன ஆபீஸ்களுக்கு நெட்வொர்க் போட்டுக்கொடுப்பது என் பிழைப்பு. கேபிள் இழுப்பேன், வைஃபை பெட்டி மாட்டுவேன், "நெட் வரலை" என்று அலறுகிறவரிடம் "பிளக் மாட்டியிருக்கான்னு பாருங்க சார்" என்று பொறுமையாகச் சொல்வேன். சொல்வதில்தான் பொறுமை. உள்ளே கொதித்துக்கொண்டுதான் இருக்கும்.

"உங்க கிடங்கும் வேணாம், உங்க வேலையும் வேணாம்" என்று முந்தின நாளே சொல்லிவிட போனை எடுத்தேன். தங்கச்சி பிடுங்கிக்கொண்டாள். அது நடந்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் போட்டதைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள், அம்மா கத்துவாள், இவள் கையைக் கழுவிவிட்டு எழுந்துபோய்விடுவாள்.

"நீ போண்ணே. எனக்காகப் போ. நான் அங்கேயேதான் உக்காந்திருந்தேன். மணி அடிக்கவே இல்ல."

"அடிக்கலேன்னு நீ சொன்னா போதும்டி. நான் நம்புறேன்."

"நீ நம்பி என்ன பண்றது? எனக்கே இப்போ சந்தேகமா இருக்கு. கண்ணை மூடினா அடிச்ச மாதிரியும் இருக்கு, அடிக்காத மாதிரியும் இருக்கு. நான் உக்காந்தபடியே தூங்கிட்டேனாண்ணே? நீ போய் பாத்துட்டு வந்து சொல்லு. எதுவா இருந்தாலும் சொல்லு."

அதற்கு மேல் நான் என்ன பேச? பையை எடுத்து வைத்தேன்.

நடந்தது இதுதான். கிடங்கின் பின்பக்கம் பெரிய உறைபனி அறை ஒன்று. ஐஸ்கிரீமும் இறைச்சியும் அட்டைப்பெட்டிகளில் கூரைவரை அடுக்கியிருக்கும். அதன் கதவு தானாக மூடிக்கொள்ளும். உள்ளிருந்து திறக்க ஒரு கைப்பிடி இருந்தது. அது உடைந்து பல மாதமாகிறது. கேட்டால் "ஆர்டர் போட்டிருக்கு" என்பார் முதலாளி. அது வரும்வரை யாராவது மாட்டிக்கொண்டால் அழுத்துவதற்கு உள்சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் செய்தி நெட்வொர்க் வழியாக வரவேற்பு மேசைக் கம்ப்யூட்டருக்குப் போகும், அங்கே மணி அடிக்கும். செய்தி போய்ச் சேர்ந்ததும் பொத்தானுக்கு மேலே ஒரு பச்சை விளக்கு எரியும். பயப்படாதே, வெளியே தெரிந்துவிட்டது, ஆள் வருகிறது என்று அர்த்தம்.

செத்தவரை எல்லோரும் தொப்பி என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்டி ஏற்றி இறக்குகிறவர். கொளுத்துகிற வெயிலிலும் அந்தக் கம்பளித் தொப்பியைக் கழற்ற மாட்டாராம். தங்கச்சியின் மேசையைத் தாண்டும்போதெல்லாம் "என்னம்மா, வேர்க்குதா? கொஞ்சம் குளிரு அள்ளியாந்து தரட்டா?" என்பாராம். அன்று சாயங்காலம் மற்றவர்கள் கிளம்பிப் போனபிறகு, மறந்து வைத்த எதையோ எடுக்கத் திரும்ப உள்ளே போயிருக்கிறார். கதவு சாத்திக்கொண்டது. போன் வெளியே மாட்டியிருந்த கோட்டுப் பையில் இருந்தது. குளிரில் பேட்டரி படுத்துவிடும் என்று யாரும் உள்ளே கொண்டுபோவதில்லை. இரவு லோடு வந்தால் அங்கேயே தங்கிவிடுகிறவர் என்பதால் வீட்டிலும் தேடவில்லை. காலையில் திறந்தபோது பொத்தானுக்கு நேர்கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அந்த விளக்குதான் தங்கச்சிக்கு எமனாக வந்தது. விளக்கு எரிந்திருக்கிறது, அப்படியென்றால் செய்தி போயிருக்கிறது, மணி அடித்திருக்கிறது. அந்த நேரத்தில் மேசையில் இருந்தவள் அவள்தான். தூங்கினாள் என்றார் ஒருவர். போனில் எவனோடோ கொஞ்சிக்கொண்டிருந்தாள் என்றார் இன்னொருவர். நாக்குக்கு நரம்பா இருக்கிறது? நான் வேலைக்குப் போன அன்று மத்தியானம் தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரி வந்து பார்ப்பதாக இருந்தது. அவர் எழுதப்போவதை வைத்துத்தான் போலீஸ் தங்கச்சிமேல் வழக்குப் போடுவதா வேண்டாமா என்று முடிவாகும்.

முன் ஹாலில், வரவேற்பு மேசைக்கு எதிரே இருந்த பெஞ்சில் ஓர் அம்மா மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொப்பியின் மனைவி. தினமும் வந்து உட்காருகிறாராம். முதலாளி அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து பின்கதவால் போய் வருகிறார்.

"நீங்க யாரு தம்பி, புதுசா இருக்கீங்க?"

"நெட்வொர்க் பாக்க வந்திருக்கேம்மா." யாருடைய அண்ணன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அந்தப் பச்சை லைட்டு எரிஞ்சிச்சாமே" என்றார், நெடுநாள் பழகினவரிடம் பேசுவதுபோல. "அதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பாரு. இதோ வந்துருவாங்கன்னுதானே நெனச்சிருப்பாரு? கதவைத் தட்டிக்கூட பாத்திருக்க மாட்டாரு தம்பி. யாரு எதைச் சொன்னாலும் நம்புற மனுஷன்."

நான் தலையைக் குனிந்துகொண்டு மேசைக்கு அடியில் புகுந்துவிட்டேன். கேபிளைத் தேடுவதுபோல் அங்கேயே கொஞ்சநேரம் இருந்தேன்.

என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஒன்றும் பெரிய மந்திரமில்லை. உங்கள் போனில் யாரையாவது கூப்பிட வேண்டுமானால் பெயரைத் தட்டுகிறீர்கள், நம்பரை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? கம்ப்யூட்டர்களும் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் உண்டு, ஆனால் ஒன்றையொன்று பெயர் சொல்லித்தான் தேடும். இந்தப் பெயருக்கு இந்த நம்பர் என்று கேட்டவுடன் சொல்ல நடுவில் ஒரு பெட்டி இருக்க வேண்டும். இந்த ஆபீஸில் அது இல்லை. "நான்தான் இன்னார்" என்று ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தானே கூவிக்கொள்ளும், மற்றவை நம்பிக்கொள்ளும், அவ்வளவுதான். ஒரு பெட்டி கொண்டுபோயிருந்தேன். எல்லாப் பெயரையும் அதில் ஏற்றி, இனிமேல் யாரைத் தேடினாலும் இதைக் கேளுங்கள் என்று மாற்றிவிட்டால் என் வேலை முடிந்தது.

பெயர்களைச் சேகரிக்க ஆரம்பித்தபோது எனக்குத் தலை சுற்றியது. நல்ல ஆபீஸ் என்றால் வரவேற்பு, கணக்கு, கிடங்கு என்று இருக்கும். இங்கே பெரியப்பா, சின்னவர், அண்ணி, மாமா, பாப்பா! கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. குடும்பக் கம்பெனி, பாதிப்பேர் முதலாளியின் சொந்தம். யார் உட்காருகிறாரோ அவரை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்களோ அதுதான் கம்ப்யூட்டருக்கும் பெயர். அதுகூடப் பரவாயில்லை. ஆள் இடம் மாறினால் பெயரும் கூடவே மாறிப்போகும். புது மேசை, புது கம்ப்யூட்டர், ஆனால் பெயர் மட்டும் பழையது.

"அது எங்க வழக்கம்" என்றார் ஃப்ரீசர் மெக்கானிக். கிடங்கில் என்னோடு முகம் கொடுத்துப் பேசிய ஒரே ஆள். "பெரியப்பா சீட்டு மாறினா இன்னொருத்தரு கம்ப்யூட்டருக்கு அவரு பேரு இருக்கலாமா? மரியாதைன்னு ஒண்ணு இல்லையா?"

"மரியாதை! பேரு எடம் மாறுறதாலதான் பிரிண்டர் காணாமப்போவுதுன்னு இப்போ தெரியுது."

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, எந்தக் கம்ப்யூட்டர் பதில் சொல்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். பாப்பா என்று கூப்பிட்டால் வரவேற்பு மேசை பதில் சொன்னது. தங்கச்சியை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். மாமா என்று கூப்பிட்டேன். மாடியிலிருந்து பதில் வந்தது.

மாமா என்பவர் முதலாளியின் மச்சான். வரவேற்பு மேசையில்தான் பல வருஷம் உட்கார்ந்திருந்தார். போன மாதம் அவரை மேனேஜராக்கி மாடியறையைக் கொடுத்து, தங்கச்சியைக் கீழே உட்காரவைத்தார்கள். பழைய கம்ப்யூட்டரில் இருந்த அத்தனையும் அப்படியே வேண்டும் என்று மாமா அடம்பிடித்ததால், கடைக்காரர் அதை ஒன்றுவிடாமல் புதியதில் நகலெடுத்துக் கொடுத்திருக்கிறார். ஒரே பெயரில் இரண்டு இருக்கக் கூடாது. மாமாவின் பெயர் மாமாவோடு மாடிக்குப் போனது, கீழே இருந்தது பாப்பா ஆனது.

பிறகு சிவப்புப் பொத்தானின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். யாரிடம் செய்தி சொல்ல வேண்டும் என்று அதற்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். மாமா. வருஷக்கணக்கு முன்பு மாட்டியவன் "மேசையில யாரு இருப்பாங்க?" என்று கேட்டிருப்பான், "மாமா" என்று சொல்லியிருப்பார்கள். யாரும் அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை. அழுத்திப் பார்க்கவும் இல்லை.

"அண்ணே, கதவுக்கு ஒரு பெட்டியை முட்டுக் குடுத்துட்டு உள்ள போய் அந்தப் பொத்தானை அழுத்துங்க" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு, தங்கச்சியின் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். மாமா இன்னும் வரவில்லை. பெஞ்சிலிருந்த அம்மா முகம் கழுவப் போயிருந்தார். ஹால் காலியாக இருந்தது.

"பச்சை எரியுது!" என்று பின்னாலிருந்து கத்தினார் மெக்கானிக்.

என் முன்னாலிருந்த கம்ப்யூட்டர் கல்லுளிமங்கன் மாதிரி சும்மா இருந்தது. பக்கத்திலிருந்த பெரிய ஸ்பீக்கரில் ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

அடிக்கவில்லை! எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது. அவள் தூங்கவில்லை, யாரோடும் கொஞ்சவில்லை, என் தங்கச்சிமேல் எந்தத் தப்பும் இல்லை. பேசினவன் வாயிலெல்லாம் மண் விழ! போனை எடுத்து அவளைக் கூப்பிடப் போனேன். அப்போதுதான் காதில் விழுந்தது.

மாடிப்படி மேசைக்குப் பின்னால்தான் இருக்கிறது. மேலே பூட்டிய அறைக்குள் சின்ன ஸ்பீக்கரில் மெலிதாக அடித்துக்கொண்டிருந்தது. யாரோ போனை மறந்து வைத்துவிட்டுப் போனதுபோன்ற சத்தம். விட்டு விட்டு அடித்தது. நின்றபாடில்லை.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அது கேட்டது. சத்தமாக இல்லை. ஆனால் கேட்டது.

மாமா போனைத் தன் மாடியறையிலேயே மறந்துவிட்டுப் போகிற ஆள். அதுபாட்டுக்கு அடித்து அடித்து ஓயும். "காதுல ரத்தம் வருதும்மா, போய் எடுக்கவும் முடியாது, ரூமைப் பூட்டிட்டுப் போயிடுறாரு" என்று தங்கச்சி வீட்டில் எத்தனையோ முறை அலுத்துக்கொண்டிருக்கிறாள். அது ஞாபகம் வந்ததும் போனைச் சட்டைப்பையிலேயே போட்டுவிட்டேன். மணி மேசையில் அடிக்கவில்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தால் போதும். மாடியில் அடித்தது கீழே கேட்கும் என்பது என்னோடு போகட்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

நேராக முதலாளியிடம் போனேன். "உங்க மணி அடிச்சது மேசையில இல்ல, மாடியில. பூட்டின ரூமுக்குள்ள. என் தங்கச்சி மேல பழியைப் போட்டீங்களே, நல்லா இருப்பீங்களா?"

ஏன் எதற்கு என்று எடுத்துச் சொன்னதும் அவர் நெற்றியைத் தேய்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

"நீங்க இப்போ பண்ண வந்த வேலையைப் பண்ணி முடிச்சிட்டா, மணி எங்க அடிக்கும்?"

"மேசையில."

"அப்போ முடிச்சிடுங்க. அதிகாரி வர்றதுக்குள்ள முடிச்சிடுங்க தம்பி."

ஒரு நொடி எனக்குப் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. பெயர்களை ஒழுங்காக ஏற்றி, பொத்தானுக்கும் வரவேற்பு மேசையின் பெயரைக் கொடுத்துப் பெட்டியை இயக்கினால் அதிகாரி பொத்தானை அழுத்துவார், மேசையில் மணி கணீரென்று அடிக்கும். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, இந்தப் பெண்தான் கவனிக்கவில்லை என்று எழுதிக்கொண்டு போவார். என் வேலையை நான் சுத்தமாகச் செய்தால் என் தங்கச்சி ஜெயிலுக்குப் போவாள்.

"யார் காதுல பூ சுத்துறீங்க? நான் இப்போ எதையும் தொட மாட்டேன்."

"கோவப்படாதீங்க. பாப்பாவும் எங்க வீட்டுப் பொண்ணு மாதிரிதான். அதுக்கு நல்ல வக்கீலா நானே பாத்து வெச்சுத் தரேன்."

"உங்க வீட்டுப் பொண்ணுக்கு இப்படித்தான் பண்ணுவீங்களா?" என்று கேட்டுவிட்டு, என் பெட்டியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன்.

கொஞ்சநேரத்தில் மாமா வந்தார். பருத்த உடம்பு, மூச்சு வாங்கியது. முதலாளி அவர் காதில் ஏதோ சொன்னார். மனுஷன் என்னைப் பார்க்காமல் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறப்போனார். நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றுகொண்டேன்.

"எங்க போறீங்க?"

"என் ரூமுக்கு. கம்ப்யூட்டரை ஆஃப் பண்ண. உனக்கென்னப்பா?"

"பண்ணுங்க. அதை ஆஃப் பண்ணா பச்சை விளக்கு எரியாது. அன்னைக்கு மட்டும் எப்படி எரிஞ்சுதுன்னு அதிகாரி கேப்பாங்க. நீங்களே பதில் சொல்லுங்க."

அவர் ஒரு படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"அன்னைக்குக் காலையில நான் வந்தப்போ ஸ்கிரீன்ல ஏதோ வந்து சத்தம் குடுத்துக்கிட்டே இருந்துச்சு" என்றார். "படிக்கல. ஓகே குடுத்தேன். எது வந்தாலும் ஓகேதானேப்பா குடுக்குறோம்? அப்புறம் கீழ வந்து விஷயத்தைக் கேட்டப்போதான்..." முடிக்கவில்லை. "எனக்கும் பொண்ணு இருக்கு. எப்படிச் சொல்லுவேன்?"

"தெரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கீங்க. ஒரு சின்னப் பொண்ணு சோறு தண்ணி இல்லாம கெடக்குறா. உங்களுக்குத் தொண்டையில இறங்குச்சா?"

அவர் அறைச்சாவியை என் கையில் திணித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவரை நாலு அறை அறையலாம் என்றுதான் போனேன். அவரே சாவியைக் கொடுத்தபிறகு எனக்குக் கை எழவில்லை.

அதிகாரி சொன்னபடி மத்தியானம் வந்தார். ஒல்லியான அம்மா, கண்ணாடி, தோளில் துணிப்பை. விசாரணைக்கு வரச் சொல்லியிருந்ததால் தங்கச்சியும் வந்திருந்தாள். முகம் வெளிறிப்போய், துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். பெஞ்சிலிருந்த அம்மா அவளைப் பார்த்த பார்வையை நான் பார்த்திருக்கக் கூடாது. தங்கச்சி என் பக்கத்தில் வந்து "என்னண்ணே?" என்றாள்.

"மேசையில அடிக்கல. நீ சொன்னதுதான் சரி. பேசாம இரு, எல்லாத்தையும் நான் சொல்லிக்கிறேன்."

அவள் தோள்கள் தளர்ந்து இறங்கின. எத்தனையோ நாளாக அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டாள். அதைப் பார்த்ததும் எனக்கே கண் கலங்கியது. நான் போய் ஹாலின் கூரை மின்விசிறியைக் கடைசிவரை திருகிவைத்தேன். கிழட்டு ஃபேன், லொடலொடவென்று கட்டடமே ஆடுகிறமாதிரி சுற்றியது. மூலையில் உறுமுகிற குடிதண்ணீர் இயந்திரத்தையும் போட்டுவிட்டேன். வேர்க்கிறது என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டேன்.

அதிகாரி முதலில் உறைபனி அறைக்குப் போனார். உடைந்த கைப்பிடியைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். பிறகு மேசைக்கு வந்து, அன்று இருந்தபடியே தங்கச்சியை நாற்காலியில் உட்காரச் சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னேன். முதலாளி இடையில் புகுந்து "நெட்வொர்க் பையன் தன் தங்கச்சிக்காகச் சொல்றான் மேடம்" என்றார்.

"அழுத்திப் பாத்தா தெரிஞ்சிட்டுப் போகுது" என்றார் அதிகாரி.

மெக்கானிக் உள்ளே போனார். "பச்சை எரியுது!" என்ற குரல் வந்தது. மேசை ஸ்பீக்கர் ஊமையாக இருந்தது.

அதிகாரி காதைக் கூர்மையாக்கிக்கொண்டு மேலே பார்த்தார். "இந்த ஃபேன் இரைச்சல்ல என்னத்தைக் கேக்குறது? யாராவது அதை நிறுத்துங்க."

"வேர்க்கும் மேடம்" என்றேன்.

"பரவாயில்ல, நிறுத்துங்க."

நான் அசையவில்லை. சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்த முதலாளியே ஃபேனையும் தண்ணீர் இயந்திரத்தையும் நிறுத்தினார். ஃபேன் மெதுவாகச் சுற்றி, லொடலொடப்பு குறைந்து, நின்றது. மாடியிலிருந்து அந்தச் சத்தம் இறங்கி வந்தது. விட்டு விட்டு, மெலிதாக, நிற்காமல்.

"அதோ" என்றார் அதிகாரி. "மேலதான் அடிக்குது."

நான் தங்கச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடிப்படிப் பக்கம் தலையைத் திருப்பினாள். வாய் லேசாகத் திறந்தது. முகத்தில் மிச்சமிருந்த ரத்தமும் வடிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மேலே அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ போய் மெக்கானிக்கிடம் சொல்லி நிறுத்தினார்கள்.

அதிகாரி மாடியறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து நின்றபடியே எழுதினார். "மேசையில மணி அடிக்கல. இந்தப் பொண்ணு மேல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. கைப்பிடிக்கும் இதுக்கும் நிர்வாகம்தான் பதில் சொல்லணும்" என்று முதலாளியின் முகத்துக்கு நேராகச் சொன்னார். மாமா படியிலிருந்து எழவே இல்லை. முதலாளிக்கு அப்போதுதான் வேர்த்தது.

"வா, வீட்டுக்குப் போலாம்" என்று தங்கச்சியின் கையைப் பிடித்தேன். கை ஜில்லென்று இருந்தது. "அம்மா காத்துக்கிட்டிருப்பாங்க. முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுதுடி."

அவள் எழுந்தாள். வாசல் பக்கம் வரவில்லை. எதிரே பெஞ்சுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். அந்த அம்மா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் முதல்முறையாகத் தங்கச்சிமேல் ஓர் இரக்கம் தெரிந்தது. "உன்னைத் தப்பா நெனச்சிட்டேம்மா" என்று ஆரம்பித்தார்.

"இல்லக்கா" என்றாள் தங்கச்சி. "எனக்குக் கேட்டுச்சு."

"ஏய், சும்மா இரு" என்று அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். "எழுதியாச்சு. வாயை மூடிக்கிட்டு வா."

என் கையை உதறிவிட்டாள். என்னை அவள் அப்படி உதறியதே இல்லை.

"மாடியில சத்தம் கேட்டுச்சுக்கா. மாமா போனுன்னு நெனச்சிட்டேன். அது தெனமும் அடிக்கும், யாரும் எடுக்க மாட்டாங்க, அதனால விட்டுட்டேன்."

அந்த அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்துவார், அடிப்பார் என்று நினைத்து நான் நடுவில் போய் நின்றுகொள்ளத் தயாராக இருந்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"எவ்வளவு நேரம்மா அடிச்சுது?"

"நான் பையை எடுத்துக்கிட்டுக் கெளம்புற வரைக்கும் அடிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு" என்றாள் தங்கச்சி. "சத்தம் தாங்கலன்னு நான்தான்க்கா ஃபேனைக் கூட்டி வெச்சுக்கிட்டேன்."